மேடை யாருடையது? கேங்ஸ்டரை மணந்த பாடகி ரூத் எட்டிங் வாழ்க்கை கேட்கும் கேள்வி

1938 அக்டோபர் 15. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம். ரேடியோ நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பியானோ கலைஞரை, கையில் துப்பாக்கியோடு ஒருவர் மறிக்கிறார். வீட்டுக்குக் கூட்டிப்போ என்று மிரட்டுகிறார். வேறு வழியில்லாமல் பியானோ கலைஞர் கூட்டிப்போகிறார்.

வீட்டில் இருந்தவர் ரூத் எட்டிங். அப்போது அமெரிக்காவே அறிந்த பாடகி. துப்பாக்கியோடு வந்தவர் மோ ஸ்னைடர், ரூத்தின் முன்னாள் கணவர். கொஞ்ச நேரத்தில் துப்பாக்கி வெடிக்கிறது. பியானோ கலைஞர் மர்ல் ஆல்டர்மேன் காயத்தோடு விழுகிறார். ரூத் தன் துப்பாக்கியை எடுக்க, ஸ்னைடர் அதையும் பிடுங்கப் பார்க்கிறார். கடைசியில் அந்தத் துப்பாக்கி, அங்கேயே இருந்த ஸ்னைடரின் மகள் கைக்குப் போகிறது. அவர் தன் அப்பாவை நோக்கிச் சுடுகிறார். குண்டு தரையில் பாய்கிறது. நல்லவேளையாக ஆல்டர்மேனும் பிழைத்துக்கொள்கிறார்.

சினிமா மாதிரி இருக்கிறதா? சினிமாவாகவே எடுத்தார்கள். 1955-ல் வந்த அந்தப் படம் ஆஸ்கரும் வாங்கியது. ஆனால், படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் மனதில் நின்றது பாடகி அல்ல, அவரைச் சுட வந்த ஆள்.

'நிழலுலகத் தொடர்புள்ள பாடகி' என்று இன்றும் ரூத் எட்டிங்கை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வரிதான் இங்கே பிரச்னை. 'தொடர்பு' என்று சொல்லும்போது, இரண்டு பேரும் விருப்பப்பட்டுக் கைகோத்தது போல ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது. ரூத் விஷயத்தில் நடந்தது அதுதானா?

யார் இந்த ரூத் எட்டிங்?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் டேவிட் சிட்டி என்ற சின்ன ஊர். 1890-களின் கடைசியில் அங்கே பிறந்தவர் ரூத். ஐந்து வயது வாக்கில் அம்மா இறந்துவிட, தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். தாத்தாவுக்கு மாவு மில் இருந்தது. ரூத்துக்குப் பாட்டைவிட ஓவியத்தில்தான் ஆர்வம். பதின்ம வயதிலேயே சிகாகோவுக்குப் படிக்கப் போனார். பாட்டு கிளாஸுக்கு அல்ல, ஓவியப் பள்ளிக்கு.

அங்கே மேரிகோல்ட் கார்டன்ஸ் என்ற இரவு கிளப்பில் ஆடை வடிவமைக்கும் வேலை கிடைத்தது. உடை தைத்துக் கொடுக்கப் போனவர், கொஞ்ச நாளில் அதே உடையைப் போட்டுக்கொண்டு கோரஸ் பெண்களோடு மேடையேறினார். பிறகு தனியாகவே பாடத் தொடங்கினார். முறையாக யாரிடமும் பாட்டு கற்றவர் இல்லை. கத்திப் பாடாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல மெதுவாகப் பாடுவார். மைக்கும் ரேடியோவும் பரவலான அந்தக் காலத்துக்கு அந்தக் குரல் கச்சிதமாகப் பொருந்தியது.

1926-ல் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம். 1927-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ் மேடை. 1930-ல் 'சிம்பிள் சைமன்' இசை நாடகத்தில் 'டென் சென்ட்ஸ் எ டான்ஸ்' பாடல். பிறகு ரேடியோ, ஹாலிவுட் படங்கள். 60-க்கும் மேற்பட்ட ஹிட் பாடல்கள். இதுதான் ரூத்தின் சிவி. ஆனால், இதை யாரும் முதலில் சொல்வதில்லை. முதலில் வருவது கணவரின் பெயர்தான்.

மதுவிலக்கு வந்தது, முதலாளிகள் மாறினார்கள்

ரூத் வளர்ந்துவந்த நேரத்தில் அமெரிக்காவில் ஒரு பெரிய மாற்றம். 1920 ஜனவரியில் நாடு முழுக்க மதுவிலக்கு அமலுக்கு வந்தது. 1933 டிசம்பர் வரை அது நீடித்தது. மது தயாரிப்பதும் விற்பதும் சட்டவிரோதம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு இரவு கிளப் எதை வைத்துப் பிழைக்கிறது? பாட்டு கேட்க வரும் கூட்டம், குடிக்கவும் செய்யும். லாபம் பாட்டில் இல்லை, பாட்டிலில்தான். திடீரென்று அந்த வியாபாரம் சட்டவிரோதமானால், நேர்மையாகக் கடை நடத்தியவர்களுக்கு இரண்டே வழி. ஒன்று, மூடிவிட்டுப் போவது. இல்லையென்றால், கள்ளச்சரக்கு சப்ளை செய்யும் கும்பலோடு சமரசம் செய்துகொள்வது. சப்ளை செய்தவர்கள் சும்மா இருப்பார்களா? கொஞ்ச நாளில் பங்கு கேட்டார்கள். பல இடங்களில் கிளப்பையே எடுத்துக்கொண்டார்கள்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த காட்டன் கிளப்பின் சொந்தக்காரர் ஓனி மேடன், கள்ளச்சாராய உலகின் பெரிய கை. அந்த மேடையில்தான் டியூக் எலிங்டன் போன்ற கறுப்பின மேதைகள் வாசித்தார்கள். பார்வையாளராக உட்கார மட்டும் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. எலிங்டனைப் பற்றி எழுதும்போது 'மாஃபியா தொடர்புள்ள இசைக்கலைஞர்' என்று யாராவது எழுதுகிறார்களா? இல்லை. அவருடைய இசையைத்தான் பேசுகிறார்கள். அதுதான் நியாயமும்கூட.

அப்படியென்றால் 1920-களின் சிகாகோவில் ஒரு பாடகி கேங்ஸ்டர்களுக்குத் தெரிந்தவராக இருந்தார் என்பதில் என்ன அதிசயம்? சம்பளம் கொடுத்தவர்களே அவர்கள்தான். கேங்ஸ்டர் முகத்தில் முழிக்காமல் இரவு கிளப்பில் பாட வேண்டுமானால், பாடாமலே இருக்க வேண்டியதுதான்.

வேலையை விட்டால் என்ன ஆகும்?

சரி, பிடிக்கவில்லை என்றால் வேறு கிளப்புக்குப் போயிருக்கலாமே? இந்தக் கேள்விக்கு அதே சிகாகோவிலிருந்து பதில் இருக்கிறது. பதிலின் பெயர் ஜோ ஈ. லூயிஸ்.

லூயிஸ் ஒரு பாடகர், காமெடியும் செய்வார். கிரீன் மில் என்ற கிளப்பில் அவருக்குப் பெரிய ரசிகர் கூட்டம். அந்த கிளப்பில் பங்கு வைத்திருந்தவர் ஜாக் மெக்கர்ன். அல் கபோனின் ஆட்களில் ஒருவர், 'மெஷின் கன்' என்பது பட்டப்பெயர். வாரம் 650 டாலர் வாங்கிக்கொண்டிருந்த லூயிஸுக்கு, போட்டி கிளப் ஒன்று 1,000 டாலர் தருவதாகச் சொன்னதாம். இன்றைய பாஷையில் சொன்னால், நல்ல ஹைக்கோடு ஆஃபர் லெட்டர். ஒப்பந்தம் முடிந்ததும் லூயிஸ் மாறிவிட்டார்.

1927 நவம்பரில் ஒரு நாள், ஓட்டல் அறையில் தூங்கிக்கொண்டிருந்த லூயிஸை மூன்று பேர் தாக்கினார்கள். குறி வைத்தது அவருடைய குரலுக்கு. தொண்டையைக் கிழித்தார்கள், நாக்கையும் வெட்டினார்கள். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். பேசுவதையே முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. பாட்டு போய்விட்டது. பிறகு முழுநேர நகைச்சுவைக் கலைஞராக மாறி மறுபடி பெயர் வாங்கினார். இந்தக் குற்றத்துக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

பணிமாற்றத்துக்கு இதுதான் தண்டனை என்று ஊரே பார்த்த பிறகு, அந்த நகரத்து கிளப்பில் பாடிய எவரும் 'பிடிக்கலைன்னா கிளம்பிடலாம்' என்று நினைத்திருப்பார்களா? லூயிஸாவது வேலையைத்தான் மாற்றினார். ரூத்தின் நிலைமை இன்னும் சிக்கல். அவருடைய வீட்டிலேயே அந்த உலகம் உட்கார்ந்திருந்தது.

கணவர், மேனேஜர், காவல்காரர் மூன்றும் ஒரே ஆள்

மார்ட்டின் 'மோ' ஸ்னைடர். சற்றுக் காலைத் தாங்கி நடப்பார், அதனால் 'தி கிம்ப்' என்று ஒரு பட்டப்பெயர். சிகாகோவின் கிளப்புகளையும், உள்ளூர் அரசியல் ஆட்களையும் நன்றாகத் தெரிந்தவர். பாடகர் அல் ஜோல்சனுக்கு ஒரு சமயம் மெய்க்காப்பாளராகவும் இருந்தவர். ரூத்தைப் பார்த்துப் பிடித்துப்போய், முதல் மனைவியை விவாகரத்து செய்தார். 1922 ஜூலையில் ரூத்தை மணந்தார்.

ஏன் அவரைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள் என்ற கேள்விக்கு ரூத் பிற்காலத்தில் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். 10 பங்கில் 9 பங்கு பயம், மீதி 1 பங்கு பரிதாபம். அந்தக் கணக்கில் காதலுக்குப் பங்கே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு ஸ்னைடரே மேனேஜர். எந்த மேடையில் பாடுவது, எந்த ரேடியோவுக்குப் போவது, யாரோடு ஒப்பந்தம் போடுவது எல்லாம் அவர் கையில். பேச்சுவார்த்தை என்று போனால் அதட்டல், மிரட்டல். அவருடைய பாணி ரூத்துக்குச் சங்கடமாகவே இருந்தது. ஆனாலும் 15 வருடம் ஓடியது.

வெளியே வருவது ஏன் கஷ்டம் என்று புரிந்துகொள்ள 1920-களுக்குப் போக வேண்டியதில்லை. வருமானம், ஒப்பந்தம், வெளியாட்களோடு தொடர்பு எல்லாமே ஒரே ஆளின் கையில் இருக்கும்போது, அந்த ஆளை விட்டு விலகுவது என்றால் வேலை, வீடு, பெயர் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது. அந்த ஆளிடம் துப்பாக்கியும் இருந்தால்?

"அவரால்தானே வளர்ந்தார்?"

இங்கே ஒரு எதிர்க்கேள்வி நியாயமாகவே வரும். ஸ்னைடரின் மிரட்டலால்தானே ரூத்துக்கு வாய்ப்புகள் கிடைத்தன? அந்தப் பணத்தையும் புகழையும் அவரும் அனுபவித்தார்தானே? இப்போது மட்டும் பாவம் என்றால் எப்படி?

இதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஸ்னைடரின் அரசியல் செல்வாக்கால் சில மேடைகள் திறந்தது உண்மை. அவர் அதட்டி வாங்கிய வாய்ப்பு, ஆதரவில்லாத இன்னொரு பாடகிக்குப் போக வேண்டியதாகவும் இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் படத்திலும் வராது. ரூத்தை ஒரு களங்கமும் இல்லாத தேவதையாகக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால், இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கிளப் முதலாளியை மிரட்டலாம், ரசிகரை மிரட்ட முடியாது. கடைக்குப் போய்க் காசு கொடுத்து ரூத்தின் இசைத்தட்டை வாங்கியவர் யாருடைய முதுகிலும் துப்பாக்கி இல்லை. ஸீக்ஃபெல்ட் மேடைக்கு அவரைச் சிபாரிசு செய்தது இசையமைப்பாளர் இர்விங் பெர்லின். அவருக்கு ஸ்னைடரின் தயவு எதுவும் தேவையில்லை.

இரண்டாவது, அந்த 'உதவி' எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். 1930-களின் நடுவில் ரூத்துக்கு வாய்ப்புகள் குறையத் தொடங்கின. குரல் கெட்டுப்போகவில்லை. ஸ்னைடரோடு மல்லுக்கட்ட யாரும் தயாராக இல்லை, அவ்வளவுதான். 1936-ல் ஒரு நிகழ்ச்சிக்காக லண்டன் போனபோதும் ஸ்னைடர் அங்கேயும் சண்டை இழுத்து, பத்திரிகைகளில் கெட்ட பெயர்தான் மிஞ்சியது. கதவைத் திறந்துவிட்டதாகச் சொல்லப்படும் அதே ஆள்தான் கதவுகளை மூடியும் வைத்தார். முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை விட்டுவிட்டால், அது பாதிக் கதை.

விடுதலைக்கு விலை

1937 நவம்பரில் ரூத்துக்கு விவாகரத்து கிடைத்தது. கொடுமை, கைவிட்டுப் போனது ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஆனால், காசு கைமாறியது எந்தப் பக்கம் தெரியுமா? கொடுத்தது ரூத். 50,000 டாலர் பணம், சில பங்குப் பத்திரங்கள், பெவர்லி ஹில்ஸ் வீட்டில் பாதி என்று ஸ்னைடருக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்னைடரின் சூதாட்டக் கடன்களை மட்டும் அதில் கழித்துக்கொண்டார்.

அதோடும் முடியவில்லை. 1938 ஜனவரியில் ஸ்னைடர் போன் செய்து, வந்து கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். சொத்தை மறைத்துவிட்டாய் என்பது ஒரு கோபம். இன்னொருவரோடு பழகுகிறாய் என்பது அடுத்த கோபம். ரூத் போலீஸ் பாதுகாப்பு கேட்டார், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டார். சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்துக் காவலையும் விலக்கிக்கொண்டார். அதே வருடம் அக்டோபரில்தான் ஸ்னைடர் துப்பாக்கியோடு வந்தார்.

விலகிப் போன பிறகுதான் ஆபத்து அதிகம் என்று குடும்ப வன்முறை வழக்குகளைப் பார்ப்பவர்கள் இன்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ரூத்தின் கதையில் அது தேதி வாரியாக இருக்கிறது. மிரட்டல் ஜனவரியில், தோட்டா அக்டோபரில். நடுவில் 9 மாதம்.

கொலை முயற்சி வழக்கில் ஸ்னைடர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆனால், சுமார் ஒரு வருடம் சிறையில் இருந்த பிறகு, மேல்முறையீட்டால் வெளியே வந்துவிட்டார். இதற்கிடையே ஆல்டர்மேனின் முன்னாள் மனைவி, தன் கணவரைப் பிரித்துவிட்டார் என்று ரூத் மீதே வழக்குப் போட்டார். அது தோற்றது. ஆனாலும் வீடு புகுந்து சுடப்பட்ட பக்கத்தில் நின்ற பெண்ணின் நடத்தைதான் நீதிமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அலசப்பட்டது.

ரூத்தும் ஆல்டர்மேனும் 1938 டிசம்பரில் திருமணம் செய்துகொண்டார்கள். பிறகு கொலராடோ மாகாணத்தில் அமைதியான வாழ்க்கை. 1966-ல் ஆல்டர்மேன் இறக்கும்வரை ஒன்றாகவே இருந்தார்கள். 1978-ல் ரூத் இறந்தார்.

ஹாலிவுட் எழுதிய கிளைமாக்ஸ்

1955-ல் எம்ஜிஎம் நிறுவனம் 'லவ் மீ ஆர் லீவ் மீ' படத்தை வெளியிட்டது. சார்லஸ் விடோர் இயக்கம். ரூத்தாக டோரிஸ் டே, ஸ்னைடராக ஜேம்ஸ் கேக்னி. நல்ல படம், நடிப்பும் பிரமாதம். பிரச்னை அங்கே இல்லை.

படத்தின் தொடக்கத்தில் ரூத் ஒரு டான்ஸ் ஹாலில் காசுக்கு ஆடும் பெண்ணாக வருகிறார். நிஜத்தில் அவர் அப்படி ஒருநாளும் வேலை செய்ததில்லை. 'டென் சென்ட்ஸ் எ டான்ஸ்' அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் பாட்டு, அதைப் படத்தில் நுழைக்க இப்படி ஒரு வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ரூத்துக்கு இதில் வருத்தம் இருந்தது, அதைச் சொல்லவும் செய்தார். பாடகி பாடிய கேரக்டரையே பாடகியின் வாழ்க்கையாக ஆக்கிவிட்டார்கள். வில்லனாக நடித்தவரை யாரும் வில்லன் என்று ஜெயிலில் போடுவதில்லையே!

கிளைமாக்ஸ் இன்னும் மோசம். சுட்ட வழக்கில் ஜாமீனில் வரும் ஸ்னைடர் தன் புது கிளப்பின் திறப்பு விழாவுக்குப் போகிறார். அங்கே அவருக்கு உதவியாக ரூத் மேடையேறிப் பாடுகிறார். அதாவது, நன்றிக்கடன். நிஜத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 9 பங்கு பயத்தில் கழுத்தை நீட்டிய பெண்ணை, சுட்டவருக்கு நன்றி சொல்ல வைத்துப் படத்தை முடித்தார்கள்.

சிறந்த கதைக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. சிறந்த நடிகர் பரிந்துரையில் கேக்னி பெயர் இருந்தது. ரூத்தாக நடித்த டோரிஸ் டேவின் பெயர் சிறந்த நடிகை பரிந்துரையில் இல்லை. கேக்னி அபாரமாக நடித்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், அவர் அபாரமாக நடிக்க இடம் கொடுத்ததே திரைக்கதைதான். கோபம், ஏக்கம், தோல்வி, கண்ணீர் எல்லாம் கேங்ஸ்டருக்கு. பாடகிக்குப் பாட்டு மட்டும்.

இது பழைய படம், இப்போது யார் பார்க்கிறார்கள் என்று விட்டுவிட முடியாது. ஓடிடி-யில் இன்று வரும் 'உண்மைக் குற்றக் கதை'களிலும் பெரும்பாலும் கேமரா குற்றவாளியின் பக்கம்தான் நிற்கிறது. அவருடைய சின்ன வயசு, அவருடைய காயம், அவருடைய ஸ்டைல், பின்னணியில் ஒரு மாஸ் பிஜிஎம். பாதிக்கப்பட்டவர் மூன்றாவது எபிசோடில் வந்து நான்காவதில் காணாமல் போவார்.

சட்டம் யாரைப் பிடித்தது?

சினிமாதான் இப்படி, சட்டமாவது சரியான ஆளைப் பிடித்ததா?

நியூயார்க்கில் 1940 முதல் 1967 வரை ஒரு நடைமுறை இருந்தது. மது விற்கும் கிளப்பில் பாடவோ வாசிக்கவோ வேண்டுமானால், போலீஸ் கொடுக்கும் 'கேபரே கார்டு' வேண்டும். வழக்கு எதிலாவது சிக்கினால் கார்டு போய்விடும். 1947-ல் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்ற பில்லி ஹாலிடே, வெளியே வந்த பிறகும் நியூயார்க் கிளப்களில் பாட முடியவில்லை. 1948-ல் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் பாடினார், அங்கே கார்டு தேவையில்லை. ஆனால், அன்றாடப் பிழைப்புக்கான கிளப் மேடை மூடியே கிடந்தது. பியானோ மேதை தெலோனியஸ் மங்கும் 1951-ல் கார்டை இழந்தவர்தான். அதே காலத்தில் நிழலுலகப் புள்ளிகள் பினாமி பெயரில் கிளப்களில் பங்கு வைத்திருந்தது ஊரறிந்த ரகசியம். கைரேகை கொடுத்துக் கார்டு வாங்க வேண்டியிருந்தது பாடுபவர்களும் வாசிப்பவர்களும் பரிமாறுபவர்களும்தான்.

இன்னொரு உதாரணம், கொஞ்சம் மாறுபட்டது. 1955-ல் 'சின்சியர்லி' பாட்டால் கொடிகட்டிப் பறந்த மெக்குவையர் சகோதரிகளில் இளையவர் ஃபிலிஸ். 1960 வாக்கில் சிகாகோ நிழலுலகத் தலைவர் சாம் ஜியான்கானாவோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. ரூத் மாதிரி இல்லை, இவர் அந்த உறவைப் பிற்காலத்திலும் மறுக்கவில்லை, பயத்தில் இருந்தேன் என்று சொல்லவும் இல்லை. அவருடைய விருப்பம் அது. எல்லாப் பாடகிகளும் பிணைக்கைதிகள் என்று சொன்னால், அதுவும் அவர்கள் வாயை அடைப்பதுதான்.

ஆனால், அந்த உறவிலும் அதிகாரம் யார் பக்கம் இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1960-ல் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோவைக் கொல்லும் திட்டத்துக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ, ஜியான்கானா உள்ளிட்டோரைப் பயன்படுத்தியது. அந்த நேரத்தில் லாஸ் வேகாஸில் ஒரு நகைச்சுவைக் கலைஞரின் ஓட்டல் அறையை ஒட்டுக்கேட்க ஏற்பாடு நடந்து, அது கையும் களவுமாகப் பிடிபட்டது. ஏற்பாடு செய்தது சிஐஏ-வுக்காக இடைத்தரகு வேலை பார்த்த ஆள். ஃபிலிஸ் அந்தக் கலைஞரோடு பழகுகிறாரோ என்ற ஜியான்கானாவின் சந்தேகமே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காதலியை வேவு பார்க்க உளவுத்துறை வட்டாரமே கை கொடுத்திருக்கிறது!

1965-ல் விசாரணை மன்றத்தின் முன் ஃபிலிஸும் நிற்க வேண்டியிருந்தது. ஜியான்கானா 1975-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபிலிஸ் 2020-ல், 89 வயதில் இறந்தார். கேங்ஸ்டர் போய் 45 வருடம் ஆன பிறகும், அவர் பெயர் இல்லாமல் ஃபிலிஸின் மரணச் செய்தியை எழுத முடியவில்லை.

அடுத்த முறை படிக்கும்போது

'டானின் காதலி', 'தாதாவோடு தொடர்பில் இருந்த பாடகி' என்ற தலைப்புகள் இனியும் வரும். கிளிக் செய்யாமல் இருங்கள் என்று சொல்வது நடைமுறைக்கு ஆகாது. படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று: மேடை யாருடையது? அந்தத் தொழிலில் இருக்க வேண்டுமென்றால் அந்த ஆட்களைத் தாண்டித்தான் போக வேண்டுமா?

இரண்டு: காசும் ஒப்பந்தமும் யார் கையில்? சம்பாதித்தவர் கையிலா, 'பார்த்துக்கொண்டவர்' கையிலா?

மூன்று: விட்டுப் போனபோது என்ன நடந்தது? லூயிஸுக்குத் தொண்டை. ரூத்துக்கு 50,000 டாலரும் வாசலில் துப்பாக்கியும்.

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகும் 'தொடர்பு' என்ற சொல் பொருந்தினால் தாராளமாக எழுதலாம். ஃபிலிஸ் விஷயத்தில் ஒருவேளை பொருந்தலாம். ரூத் விஷயத்தில் பொருந்தாது. சிறையில் இருப்பவருக்கும் ஜெயிலருக்கும் 'தொடர்பு' இருந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

ரூத் எட்டிங்கின் பாடல்கள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய ரெக்கார்டின் இரைச்சலுக்கு நடுவே அந்த மெல்லிய குரல் கேட்கும். மூன்று நிமிடம் ஒதுக்கி ஒரு பாட்டைக் கேட்டுப் பாருங்கள். ஸ்னைடரின் பெயரைப் பிறகு தெரிந்துகொள்ளலாம்.